நாற்பது நகல், ஒரு வெள்ளைத் துண்டு

பள்ளிக்கூட வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டிருப்பவர்களே, பரீட்சையைவிட புராஜெக்ட்தான் நம் உயிரை வாங்குகிறது என்பதை ஒத்துக்கொள்வீர்களா? நானோ இடுப்பில் கைக்குழந்தையோடு மெஷின் ஓட்டுகிறவள். பாதி புராஜெக்டை அவள் தின்றுவிடுவாள்.

எல்லாருக்கும் ஒரே கப்பல்

எட்டாம் வகுப்புக்கு 'அடிமை முறை' என்று புராஜெக்ட். வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் வேண்டியது ஒரே படம்: சங்கிலி போட்ட ஆட்களை ஏற்றிய கப்பல். கறுப்பு மையே தீர்ந்துபோனது. நம் ஊரில் இதெல்லாம் இல்லையா என்று ஒருத்தியிடம் கேட்டேன். நானும் அதே பள்ளிக்கூடம்தான், எனக்கும் யாரும் சொன்னதில்லை. அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அது அமெரிக்காவுலதான்க்கா. நம்ம பாடத்துல நம்ம ஊரு வராது."

டீச்சர் கொண்டுவந்த தாள்

மறுநாள், தற்காலிகமாக வந்திருக்கிற வரலாற்று டீச்சர் நாற்பது நகல் கேட்டார். பழைய ஓலைப் பத்திரம் ஒன்றைப் பார்த்து எழுதிய தாள் அது. நம் ஊர்ப் பக்கத்து வயல் ஒன்றை இரண்டு வீட்டார் வாங்கியிருக்கிறார்கள், கூடவே எருமைகளையும் ஆட்களையும். வயலுக்கு நான்கு எல்லை, எருமைக்குக் கொம்பு அடையாளம், ஆட்களுக்குப் பேர் மட்டும். மாலை என்கிற தாய் ஒரு வீட்டுக்கு. அவளுடைய பால்குடி மகள் பூவாள் இன்னொரு வீட்டுக்கு.

மெஷின் நின்ற பிறகும் நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாசிக்காம அடுக்குங்க," என்றார் டீச்சர். "வாசிச்ச எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல."

வெள்ளைத் துண்டு

சாயங்காலமே கட்டு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் பள்ளி கிளார்க். வாங்கிய வீடுகளில் ஒன்றின் வாரிசு பள்ளிக் கமிட்டியில் இருக்கிறாராம். வீட்டுப் பேர்களின்மேல் வெள்ளைத் துண்டு ஒட்டி மறுபடி எடுக்கச் சொன்னார். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கிளார்க் பேச்சை மாற்றினார். எனக்கும் பிழைப்பு அந்த வாசலில்தான். ஒட்டினேன். விற்கப்பட்டவர்களின் பேரையும் மறைக்கணுமா என்றதற்குச் சிரித்தார்: "அது கிடக்கட்டும் மக்கா. அவங்களுக்காக வந்து கேக்க யாரு இருக்கா?"

கேட்க வந்தவர்

நேற்று வந்தார். முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கிற அம்மா, கறுத்த விரல்களில் அந்தத் தாள். எட்டாம் வகுப்பு மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. மறைக்காத தாள் ஒன்றை என் மேசை டிராயரில் எடுத்து வைத்திருப்பதும் தெரியாது. மறைக்கவும் காட்டவும் ஒரே மெஷின் போதும் என்பதுதான் நம் தொழிலின் வசதி.

வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "பூவாள்ங்கிற அந்தக் குஞ்சு எந்த வீட்டுக்குப் போச்சுன்னு எம் மவ கேட்டுட்டே இருக்கா. இந்த எடத்துல எழுத்து விழல. தெளிவா ஒண்ணு எடுத்துத் தாயேன் மக்கா."