வாடகைக் கவிஞரின் தாடி

“அசல் கவிஞர், வாடகைக்கு. தாடி உண்டு. குளிக்கமாட்டார். உங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் விருந்தினர் முன்னிலையில் சபித்துத் தருவார். கவிதைக்குக் கொட்டு மேளம் வேண்டுமானால் தனிக் கட்டணம்.”

சிட் கார்ஃபிங்கல் நியூயார்க்கில் அச்சடித்துப் பரப்பிய இந்த அட்டை வெண்டல் ப்ரூவிட்டைப் பற்றியது. வெண்டல் தினம் குளிப்பவர். வெயில் காலத்தில் இரண்டு வேளை. வாரநாட்களில் பல்செட் விற்கும் கம்பெனியில் கணக்கெழுதுவதால் முகத்தில் ஒரு முடி இருக்காது. தாடி, சிட் கொடுத்த ஒட்டுத்தாடி. ஞாயிறு தோறும் வெண்டல் அதைப் பசை தடவி ஒட்டிக்கொண்டு ரயிலேறுவார்.

சிட் அதுவரை விருந்துகளுக்கு மடக்கு நாற்காலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினைந்து வருஷம். புறநகர்க்காரர்கள் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்திருந்தார்கள். அதற்காகத் தங்களைத் திட்ட ஆள் கிடைத்தால் தேவலை என்று அவர்களுக்குத் தோன்றியதைச் சிட் சரியாகப் பிடித்துக்கொண்டார். வாடகைக்குப் போன விரக்தியும் நாற்காலி போலவே மாலைக்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது மட்டும் அவர் நிபந்தனை.

வெண்டல் இதற்கு ஒப்புக்கொண்டது காசுக்காக அல்ல. ஃப்ரிட்ஜ் வருமுன் பனிக்கட்டி வைத்துப் பால் காத்த ஐஸ் பெட்டியோடு வளர்ந்தவர் அவர். பென்சில்வேனியச் சுரங்க ஊரில், பெட்டிக்கடியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டை விடியுமுன் எழுந்து கொட்டுவது பிள்ளையாக இருந்தபோது அவர் வேலை. தூங்கிவிட்டால் தரையெல்லாம் வெள்ளம், முதுகெல்லாம் பெல்ட். அதனால் ஃப்ரிட்ஜைப் பற்றி மனதாரப் புகழ்ந்து ஒரு கவிதை எழுதியிருந்தார். காபிக்கடைக் கவிஞர்களிடம் வாசித்தபோது, எந்தக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுகிறாய் என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஆளாவது அதைத் தான் நினைத்தபடியே கேட்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

ஒரு ஞாயிறு, நியூ ஜெர்சியில் டில்மன் தம்பதி வீட்டு விருந்தில் வெண்டல், சிட் கொடுத்தனுப்பிய வசைக் கவிதையைப் பையிலேயே விட்டுவிட்டுத் தன்னுடையதை வாசித்தார்.

கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது.
எனக்காகத்தான் எரிகிறது.
பால் திரியவில்லை. தட்டு நிரம்பவில்லை.
இந்த வீட்டில் யாரும்
என்னை எழுப்புவதில்லை.

இன்ஷூரன்ஸ் அதிகாரி ஹாலரன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“யாரும் எழுப்புறதில்லைன்னீங்களே, கிழிச்சுட்டீங்க சார். என் வாழ்க்கையைத்தான் சொன்னீங்க.”

“இல்லைங்க, நான் சந்தோஷமாத்தான் சொன்னேன். ஃப்ரிட்ஜ் நல்ல பொருள்.”

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. முகத்தில் ஒரு அசைவில்லாமல் இப்படிக் குத்த இன்னொருத்தன் பிறக்க வேண்டும் என்று ஹாலரன் தன் மனைவியிடம் வியந்தார். வெண்டல் மேலும் மேலும் மறுத்தார். மறுக்க மறுக்க அவர் மதிப்பு ஏறியது.

தோற்றுப்போய்ச் சமையலறைப் பக்கம் ஒதுங்கினார். அங்கே டில்மன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஆளுயரத்துக்கு வெள்ளைவெளேரென்று நின்றது. பழக்க தோஷம், மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார்.

“அங்க தட்டெல்லாம் கிடையாதுங்க,” என்றது பின்னாலிருந்து குரல். வீட்டுக்காரி வெர்னா டில்மன். “சின்ன வயசுல எங்க வீட்ல தட்டை நான்தான் கொட்டுவேன். தம்பிங்க எழுந்திருக்க மாட்டானுங்க.”

வெண்டல் அவசரமாக எழுந்ததில் தாடி ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் மாட்டிப் பாதி பிய்ந்து வந்துவிட்டது.

“நீங்க கிண்டல் பண்ணல, இல்லையா?”

“இல்லைங்க.”

“எனக்குத் தெரியும். இது வந்த முதல் வாரம், யாரும் எழுப்பாமலே எழுந்து வந்து இது முன்னாடி நின்னேன். ஒரு வேலையும் இல்ல. திரும்பிப் போய்ப் படுத்துக்கிட்டேன்.” தாடியை அவர் கன்னத்தில் வைத்து அழுத்திச் சரிபண்ணினாள். “ஆனா கிண்டல் இல்லைன்னு வெளியில சொல்லி எங்க மானத்தை வாங்கிடாதீங்க. பாவம், திட்டு வாங்கத்தானே எல்லாரும் சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்காங்க.”

கூடத்திலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் குரல்கள் வந்தன. வெண்டல் போய் வாசித்தார். விருந்தினர்கள் முன்பைவிட நன்றாகக் காயப்பட்டார்கள். கதவோரம் நின்ற வெர்னா மட்டும் வயிறார உண்டு தூங்கி எழுந்தவள் போல இருந்தாள்.

மறுவாரம் சிட் அட்டையைத் திருத்தி, “நாட்டிலேயே கொடூரமான வாய்” என்று சேர்த்தார். வாடகையும் ஏறியது.

வெண்டல் யாரையும் திட்டவில்லை. ஒரு ஃப்ரிட்ஜைப் புகழ்ந்து இரண்டு தடவை கவிதை வாசித்தார். இரண்டாவது தடவை, வெர்னா டில்மனுக்காக.