கறுப்புப் புகைக்கு ஒரு மெழுகுதிரி

சோற்றுப் பார்சல் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு, நிற்கிற பஸ்ஸின் பின்னால் குந்தி, புகைக்குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலை விடுகிறாள் பேர்ணடெற். ஒரு சுற்று. வெளியே வந்த விரலைப் பெருவிரலோடு தேய்த்துப் பார்க்கிறாள். மை மாதிரி ஒட்டுகிறது. "ம்... இது பொய் சொல்லாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூடைக்குள் கிடக்கும் பழந்துணியில் துடைத்துவிட்டு எழும்புகிறாள். சாரதிகள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்னத் தரிப்பிடத்தில் காலையில் நடக்கிற எத்தனையோ காரியங்களில் இதுவும் ஒன்று.

ஐம்பத்து மூன்று வயது. எழும்பும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாகச் சத்தம் போடும். பூப்போட்ட கவுனுக்கு மேலே ஒரு மஞ்சள் மேலங்கி. முதுகில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் பாதி அழிந்துபோய்க் கிடக்கிறது. புகை அளந்த கருவியைத் திருப்பி எடுக்க வந்த பல்கலைக்கழகத்துக்காரர்கள் மேலங்கியைக் கேட்க மறந்துவிட்டார்கள். அவர்கள் வந்து போய் ஐந்து மாதம். ஆராய்ச்சி முடிந்தது. விரலுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

வீடு பக்கத்து ஒழுங்கை முனையில். வீடென்றால் ஓர் அறையும் குசினியும். அறையின் சன்னலடியில் ஒரு சாய்மனைக் கதிரை, அதில் நோபேட், அவளுடைய புருஷன். இந்தப் பாதையில் இருபத்தாறு வருடம் கொண்டக்டராக மிதிபலகையில் தொங்கியவன். இப்போது படுத்தால் மூச்சு முட்டும், உறக்கமும் கதிரையில்தான். ஒரு நாளைக்கு எத்தனை சிகரட் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். வாழ்நாளில் ஒன்றுகூடப் பற்றவைத்தறியாத மனிதன். "'நான் குடிக்கயில்ல டொக்டர், பஸ் குடிச்சது' எண்டு சொன்னவர். அந்த டொக்டருக்குச் சிரிப்பே வரயில்ல" என்று பேர்ணடெற் சொல்வாள். சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வராது.

தரிப்பிடத்தை விட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸும் அந்த முனையில்தான் வளைய வேண்டும். வளைந்ததும் சன்னலுக்கு நேரே ஒரு கணம் நிற்கும்; ஹோர்ன் இரண்டு தரம் அடிக்கும். நோபேட் கையைத் தூக்கிச் சன்னல் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். கொண்டக்டர் இரண்டு தட்டினால் பஸ் போகலாம் என்று அர்த்தம். அது கிடைக்காமல் இந்தப் பாதைக்காரன் ஒருவனும் அவ்விடத்தை விட்டு நகரமாட்டான். நோபேட் அய்யேக்கு, தங்கள் அண்ணனுக்கு, அவர்கள் கொடுக்கிற மரியாதை அது. நிற்கிற நேரமெல்லாம் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், வாகாய்த் திரும்பியிருக்கிற பின்பக்கம் புகையை நேரே அறைக்குள் ஊதும். நிற்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டால் பேர்ணடெற்றுக்குக் கோபம் வந்துவிடும். "அது ஒண்டுதானே அவருக்கு மிச்சம். அதையும் பறிக்கச் சொல்லுறீங்களா?"

புகைதான் வியாதி என்று அவளுக்கு விஞ்ஞானம் சொல்லித் தரவில்லை. எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருடம் சொல்லித் தந்தது. டீசல் இல்லை, பஸ் இல்லை. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் அடித்தார்கள். ஒரு காலை பார்த்தால் கதிரை வெறுமையாய்க் கிடக்கிறது, நோபேட் பாயில் மல்லாந்து கிடந்து குறட்டை விடுகிறான். செத்துவிட்டான் என்று நினைத்துத்தான் அவள் முதலில் கத்தினாள். பதினேழு நாள் அப்படி உறங்கினான்; ஒரு ஞாயிறு கோயிலுக்கும் நடந்தே போய் வந்தான். பிறகு டீசல் வந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. நோபேட் மறுபடி கதிரைக்கு வந்தான்.

"நாடு விழுந்து கிடக்கேக்கதான் என்ட மனுசன் எழும்பினவர். இத எந்த அமைச்சரிட்டச் சொல்ல?" என்பாள்.

அமைச்சரிடம் சொல்லக் கிடைக்கவில்லை, ஹம்சிகாவிடம் சொல்லக் கிடைத்தது. வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். புகையின் கருமையை அளக்கிற கருவியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு தரிப்பிடத்துக்கு வந்தாள். சாரதிகள் அவளைக் கண்டதும் தேத்தண்ணிக் கடைக்குள் மறைந்தார்கள். மூன்று நாள் வெயிலில் நின்றாள், ஒரு பஸ்கூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் பேர்ணடெற் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பிள்ள, நீங்க இதில இருங்க. நான் நிப்பாட்டித் தாறன்" என்றாள். பதினைந்து வருடமாக அவளுடைய சோற்றைச் சாப்பிடுகிறவர்கள். நின்றார்கள். அடுத்த வாரமே அவள் கள உதவியாளர், மஞ்சள் மேலங்கியோடு.

அறுபது பஸ். ஒவ்வொன்றின் புகைக்குழாயிலும் கருவியின் குழலைச் செருகி, இயந்திரத்தை மூன்று தரம் உறுமவிட்டு, வருகிற எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். எண் கூடினால் புகை கறுப்பு. "மல்லி, பொட்டக் ரேஸ் கரன்ன!" தம்பி, கொஞ்சம் உறுமவிடு என்று சிங்களத்தில் அவள் கையை உயர்த்திக் கத்தினால் பஸ் குலுங்கி உறுமும். "பயப்படாதீங்க, டொக்டர் நெஞ்சில குழல் வைக்கிற மாதிரித்தான் இது. டெஸ்ட் ஒண்டு." அளந்த பஸ்ஸுக்கு, முன்கண்ணாடியில் ஒட்ட, இலக்கம் போட்ட ஒரு பச்சை ஒட்டி கிடைக்கும். இந்தப் பாதையின் புகை மோசமென்று எண்கள் சொன்னால், பற்றரி பஸ்கள் பரீட்சார்த்தமாக முதலில் இங்கேதான் ஓடும் என்று ஹம்சிகா விளக்கியிருந்தாள். பற்றரி பஸ்ஸுக்குப் புகைக்குழாயே கிடையாது. பேர்ணடெற்றுக்கு அது போதும். செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய், "புகை நல்லாக் கறுப்பா வரணும்" என்று வாய்விட்டே கேட்டு மெழுகுதிரி கொளுத்தினாள். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாளாம்.

ஹம்சிகா ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். எந்த நாளில் எந்த பஸ் என்று முன்கூட்டியே யாருக்கும் சொல்லக்கூடாது. பேர்ணடெற் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, முதல் நாள் மதியமே அந்தந்தச் சாரதியின் பார்சல் கடதாசியில் 'நாளைக்கு உங்கட' என்று பேனையால் எழுதிக் கொடுத்தாள். நிபந்தனையை மீறுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை. மனிதர்களிடம் ஓர் உதவி கேட்கிறோம், நாளைச் சொல்ல வேண்டாமா? "சொல்லாமக் கொள்ளாமப் பாஞ்சு பிடிக்க நாங்க என்ன பொலிசா?"

எண்கள் நல்லதாக வந்தன. ஒன்று ஒன்றரைக்கு மேலே ஏறவேயில்லை; படிவத்தில் நாலுக்கு மேற்பட்ட எண்ணுக்கென்று இருந்த சிவப்புக் கட்டம் வெறுமனே கிடந்தது. கருவியில் பழுதென்று அவள் முதலில் நினைத்தாள். ஹம்சிகா இரண்டு தரம் சரிபார்த்தாள், பழுதில்லை. அந்தோனியாரில்கூட அவளுக்கு ஒரு வருத்தம் வந்தது. அறுபதும் அளந்து முடித்து, ஹம்சிகா அறிக்கை எழுதப் போன பிறகு, ஒரு நாள் மருதானையில் ரிஸ்கானின் கராஜுக்குச் சோறு கொண்டு போனாள். இந்தப் பாதை பஸ்களுக்கெல்லாம் மெக்கானிக் அவன்தான். மேசையில் ஒரு புத்தம் புதிய எயார் பில்டர், ஓரத்தில் நீலப் பெயின்ற் பொட்டு. அந்த நீலப் பொட்டை அளக்கப் போன பஸ்களில் அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றில் அல்ல, எட்டுப் பத்தில்.

ரிஸ்கான் ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் என்ன இருக்கிறது என்பது போலப் பல்லைக் காட்டினான். "ஒரே பில்டர்தான் அக்கா, அறுபதுக்கும் மாத்தி மாத்திப் போட்டம். டீசல் பம்பையும் கொறச்சுவிட்டம், அப்பப் புகை வராது. உங்கட டெஸ்ட் முடிஞ்ச கையோட திரும்பக் கூட்டிருவம், இல்லாட்டி ஆள் ஏத்தினா பஸ் இழுக்காதே."

"ஏன் மல்லி அப்பிடிச் செஞ்சீங்க?"

"நோபேட் அய்யேட வைஃப் டெஸ்ட் பண்ணுறா. அதுல நம்மட பஸ் பெயிலானா உங்களுக்குத்தானே வெக்கம்? வேலையும் போயிருமே. நாங்க எல்லாரும் பேசித்தான் செஞ்சம்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்பால் இப்படியும் ஒரு ஆளைக் கொல்ல முடியுமா என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அதைவிட மோசம், எந்த நாளென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கை அவளுடையது.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் போய், ஹம்சிகாவின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினாள். ஹம்சிகா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்ரி, அறிக்கையைப் போன கிழமையே குடுத்திட்டன். இப்ப வந்து சொல்லுறியளே" என்று மட்டும் சொல்லி, நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் எழுதினாள். எண்கள் பிழை, பிழை எப்படி நடந்தது, மறுபடி அளக்க வேண்டும் என்று மூன்று கடிதம். மூன்று மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. மறுபடி அளக்க நிதி ஒதுக்கீடு இல்லை. இந்தப் பாதையின் பஸ்கள் திருப்திகரமாகப் பராமரிக்கப்படுகின்றன. பற்றரி பஸ் பரீட்சார்த்தம் இங்கே அவசியமில்லை. ஹம்சிகா அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, 'திருப்திகரமாக' என்ற சொல்லை மட்டும் பேர்ணடெற் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

ஹம்சிகா இப்போது மெல்பேர்னில். "அங்கயும் புகைதான் அளக்கிறாளாம். அங்க எங்கால புகை?" என்று கேட்டுவிட்டுப் பேர்ணடெற் கீரை ஆயத் தொடங்குவாள். சாரதிகளிடம் அவள் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பச்சை ஒட்டியை முன்கண்ணாடியில், மாதா படத்துக்கும் புத்தர் படத்துக்கும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவரும் பெயிலாகவில்லை என்பதில் அவர்களுக்குப் பெருமை. அந்த முகங்களைப் பார்த்து என்னவென்று சொல்வது?

இன்று காலை சாரதி டிலானின் பஸ். முப்பத்தொன்று என்று பச்சை ஒட்டி. கூடையை வைக்க அவள் வீட்டுக்குள் வந்த நேரம் அது முனையில் வளைந்து சன்னலுக்கு நேரே நின்றது. ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. நோபேட்டின் கை கதிரைப் பிடியிலிருந்து நாலு விரற்கடை எழும்பி, மடியில் விழுந்தது. டிலான் காத்திருந்தான். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. புகை வந்து தலையணை உறையில் படிந்தது. நோபேட் வாயைத் திறந்து, மூச்சைத் தேடி, சன்னல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அய்யே?" என்று டிலான் வெளியிலிருந்து கூப்பிட்டான், மறுபடியும் ஹோர்ன் அடித்தான். தட்டு விழாமல் அவன் போகமாட்டான்.

பேர்ணடெற் கதிரைக்கு மேலால் எட்டி, கறுத்த விரலை மடக்கி, சன்னல் பலகையில் இரண்டு தரம் தட்டினாள்.