ஸ்டெல்லா வாங்கிய ஏச்சு

போர் நடந்த காலம். வெள்ளவத்தையில் கணினியில் இசைத்தாள் அச்சுக்கோத்துக் கொடுத்துவந்தேன். கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பாடகர் குழுவுக்காக ஒரு புதுமாதிரிப் பாட்டு வந்தது. அதில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகளே இல்லை. தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக நேரே நிற்கும் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

நானும் போயிருந்த ஒத்திகையில், குழல் வாசித்த ஸ்டெல்லாவைப் பாட்டை எழுதிய மாஸ்டர் எல்லோர் முன்னும் ஏசினார்.

"அவையள் பாட முன்னம் ஏன் பிள்ளை ஊதுறீர்?"

மூன்று முறை ஏசினார். தன் பாட்டு மனப்பாடம் என்பதால் அவர் தாளைப் பார்க்கவில்லை. அவள் "சொறி மாஸ்டர்" என்றாள்.

இடைவேளையில் என்னிடம் வந்து, தாளில் அடிமட்டக் கோலை நெடுக்காக வைத்துக் காட்டினாள்.

"அக்கா, 'சமாதானம்' எண்ட சொல்லுக்கு இடம் போதாமல் பாட்டுச் சுரத்தை வலப்பக்கம் தள்ளியிருக்கிறீங்கள். என்ர சுரம் பழைய இடத்திலயே நிக்குது."

உண்மைதான். தமிழ் எழுத்து அகலமென்று நான்தான் கையால் நகர்த்தியிருந்தேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பிறகு உங்களுக்கெல்லோ ஏச்சு விழும். திருத்தித் தாங்கோ, அது போதும்."

எழுத்தைச் சிறிதாக்கி, சுரங்களை நேராக்கி, அந்தப் பக்கத்தை எல்லோருடைய பிரதியிலும் சத்தமில்லாமல் மாற்றினேன். அடுத்த ஒத்திகையில் குழலும் குரலும் ஒன்றாக எழுந்தபோது மெய்சிலிர்த்தது.

"இப்பதான் பிள்ளை திருந்தியிருக்கிறீர்" என்றார் மாஸ்டர்.

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று அவள் என் பக்கம் பார்க்கவேயில்லை. பிழை என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.