நேர்த்தி வைத்த கால்கள்

இந்தச் சுவிஸ் நாட்டில் கோயில் இல்லாத இடத்திலும் சிலுவை நிற்கும். எம்மன்புரூக்கேயில் எங்கள் சமையலறை யன்னலுக்கு நேரே ஒரு மலை. மப்பில்லாத நாளில் அதன் உச்சியில் ஒரு சிலுவை தெரியும். சிலுவை இருந்தால் கோயில் இருக்கும், கோயில் இருந்தால் பங்குச் சுவாமியும் இருப்பார் என்றுதான் மன்னாரில் பிறந்த எவனும் நினைப்பான். பதினெட்டு வருடமாக நானும் அப்படியே நினைத்திருந்தேன். மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் சனம் ஏறிப்போய், நான் உண்மையாகவே வந்தேனா என்று விசாரித்துவிட்டு வரும்.

பங்குனியில் என் மனைவி பிலோமினாவின் மார்பில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். சோதனையின் முடிவைத் தொலைபேசியில் சொல்வதாக இருந்த காலை, அவள் உடுப்புக் கூடையோடு நிலவறைக்கு இறங்கிவிட்டாள். அங்கே கட்டடத்துக்கே பொதுவான ஒரு தோய்க்கிற மிசின், அன்று எங்கள் வீட்டு முறை. இந்தக் கட்டடத்தில் முறையைத் தவறவிட்டால் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். நான் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் முதலில் எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதாவைத்தான் கூப்பிட்டேன். பிறகு, மாதா தூரத்தில் இருக்கிறா, அவசரத்துக்குக் கிட்ட நிற்பவரைக் கேட்போம் என்று சிலுவையைப் பார்த்தேன். "ஆண்டவரே, இவளுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லட்டும். நான் நடந்து வந்து உமக்கு மெழுகுதிரி கொளுத்துறன்." கொஞ்ச நேரத்தில் தொலைபேசி வந்தது. வெறும் கொழுப்புக்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. நான் விக்கி விக்கி அழுதேன். அழுது முடித்த பிறகுதான் அந்த மலையின் உயரம் கண்ணில் பட்டது.

பிலோமினாவிடம் நேர்த்தியைச் சொன்னபோது ஒரு மாதிரிச் சிரித்தாள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மார்க்குஸ்தான் விசாரணை வைத்தான்.

"யாரோடு ஒப்பந்தம்?"

"ஆண்டவரோடு."

"எழுத்திலா?"

"வாயால்."

"சுவிசில் வாயால் சொன்னாலும் செல்லும்" என்றவன், ஆனி மாதச் சனிக்கிழமை ஒன்றைக் குறித்துத் தன் பழைய மலைச் சப்பாத்தையும் தந்தான்.

மன்னார் தட்டையான ஊர். அங்கே நான் ஏறிய ஆக உயரமான இடம் தண்ணீர்த் தாங்கி. இங்கே மஞ்சள் கைகாட்டியில் கிலோமீற்றர் கிடையாது, நேரம்தான். உச்சிக்கு நாலரை மணி நேரம் என்று போட்டிருந்தது. அது சுவிஸ் காலுக்கான கணக்கு. எண்பது வயதுக்காரர்கள் இரண்டு தடிகளோடு என்னைத் தாண்டி, "குரூட்சி" என்று வணக்கம் சொல்லிப் போனார்கள். எங்கள் லிஃப்டில் நிலத்தைப் பார்த்து நிற்கிற அதே சனம்தான். பதில் வணக்கம் சொல்லியே என் மூச்சில் பாதி போனது. கடைசியில் செங்குத்துப் பாறை, பிடிக்க ஓர் இரும்புச் சங்கிலி. கீழே பார்க்காதே என்றான் மார்க்குஸ். பார்த்தேன். பிலோமினா கட்டி வருத்தத்தில் தப்பினாள், நான் நேர்த்தியில் போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

ஆறரை மணி நேரத்தில் உச்சி வந்தது. கோயிலைக் காணவில்லை. சிலுவை, அதன் அடியில் ஒரு தகரப்பெட்டி, சுற்றிவர இருந்து சீஸ் தின்னும் ஏழெட்டுப் பேர்.

"கோயில் எங்கே?"

"என்ன கோயில்?" என்று கேட்ட மார்க்குஸ் சிலுவையில் முதுகைச் சாய்த்துப் பாணை வெட்டத் தொடங்கினான்.

எனக்குத் துக்கமாகிவிட்டது. இருந்தாலும் சிலுவை சிலுவைதானே. மடுவில் செய்வதுபோலச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். உடனே ஓர் அம்மா மருந்துப்பையோடு ஓடி வந்தார். அவருடைய கணவர் ஹெலிகொப்டர் கூப்பிடவா என்று கேட்டார்.

"வேண்டாம், இது மரியாதை" என்றேன்.

"கொப்புளத்துக்கா?" என்று கேட்டபடியே அந்த அம்மா என் வலது குதிக்காலில் பெரிய பிளாஸ்டர் ஒன்றை ஒட்டிவிட்டார்.

மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. மார்க்குஸ் எழும்பி அவர்களுக்கு ஏதோ விளக்கினான். சீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் வந்து, முதுகுப்பைகளையும் ஜக்கெற்றுகளையும் பிடித்து வட்டமாக நின்றார்கள். திரி பற்றியது.

பிலோமினாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கொளுத்தினியளோ?"

"ஓம்."

"இஞ்சேருங்கோ, கோவிக்கப்படாது. அண்டைக்கு நானும் தோய்க்கிற மிசினுக்கு முன்னால நிண்டு மடு மாதாவுக்கு ஒரு நேத்தி வைச்சனான்."

"என்னெண்டு?"

"நீங்கள் வெறுங்காலோட மடுவுக்கு நடந்து வருவியள் எண்டு."

"வருத்தம் உனக்கு, கால் என்ரயோ?"

"நான் செத்துப் போயிருந்தால் கரைச்சல் உங்களுக்குத்தானே?"

தொலைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

மார்க்குஸ் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு கொப்பியை நீட்டினான். ஏறியவர்கள் பெயரையும், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் அதில் எழுத வேண்டுமாம். காணாமற்போனால் தேடுவதற்கு உதவும் என்றான். எங்கிருந்து என்ற இடத்தில் எம்மன்புரூக்கே என்று எழுதினேன். அடுத்து என்ற இடத்தில் மடு என்று எழுதினேன்.

"அது எத்தனை மீற்றர்?"

"மலையில்லை. தட்டை. ஆனால் சனம் நிறைய, எல்லோரும் வெறுங்கால்."

"அதற்குள் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"வலது குதிக்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும் என்று சொல்" என்றேன்.