பந்தைப் பிடிக்காத கை

ரோன் தாத்தா முதலில் குத்தியது ஒரு கரண்டியை. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச்சிகிச்சை முடிந்த மறுநாள் அது. நான் நீட்டிய கஞ்சி மருத்துவமனைச் சுவரில் போய் ஒட்டியது.

அவர் என் கணவன் டானியலின் தாத்தா. தொண்ணூறைத் தாண்டியவர். கிளென் வேவர்லியில் எங்களோடு இருக்கிறார். விழுந்த அன்று காலையில்கூடத் தன் தேநீரைத் தானே போட்டவர், இப்போது எங்கள் முகங்களை அறியவில்லை. "டெலிரியம்" என்றார் மருத்துவர் (அறுவைச்சிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்குத் திடீரென வரும் மனக்குழப்பம், பலருக்கு மெல்லத் தெளியும்).

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. எதையும் படித்துத்தான் செய்வேன். 'நோயாளியின் முன்னால் வந்து கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்' என்று படித்தேன், அப்படியே செய்தேன். அவர் மாத்திரைக் கோப்பையைக் குத்தினார். எழுப்ப வந்த தாதியின் கையையும் குத்தினார்.

என் அம்மா சோறு குழைத்து வந்து ஊட்டிப் பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு நோயாளி என்றால் ஊட்டத்தான் வேண்டும். அந்த உருண்டையும் பறந்தது.

"என்ர சமையலைப் பற்றி ஆரோ இவருக்குச் சொல்லிப்போட்டினம்," என்றார் அம்மா, தரையைத் துடைத்தபடி.

மருத்துவர் என்னை வெளியே அழைத்தார். "சாப்பிடவில்லை, நடக்கவில்லை, அடிக்கிறார். இப்படியே இருந்தால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பராமரிப்பு இல்லம்தான்."

தன் கட்டிலில்தான் சாக வேண்டும் என்று ரோன் தாத்தா எங்களிடம் சொல்லியிருந்தார்.

அன்று மாலை டானியல் ஒரு பழைய படத்தைத் தலைமாட்டில் ஒட்டினான். ஐம்பதுகளின் ஃபுட்டி ஆட்டம், பந்தைக் கையாலும் ஆடும் இந்த நாட்டுக் கால்பந்து. உயரமான ஒருவர் பந்தைப் பிடிக்க எம்புகிறார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு முஷ்டி மட்டும் பந்தில் படுகிறது.

"அந்தக் கைதான் தாத்தா," என்றான்.

கிழமை நாட்களில் செங்கல் சூளை, சனிக்கிழமைகளில் ஆட்டம். கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கும் தடுப்பாளர். ஆடிய காலம் முழுவதும் அவர் ஒரு கோலும் அடித்ததில்லை.

"பந்தைப் பிடிக்கவும் மாட்டார். நழுவினால் கோல் போய்விடும். எதிராளியோடு தோள் ஒட்டி நிற்பார், முகத்துக்கு வருவதைக் குத்தி அனுப்புவார். அவ்வளவுதான் வேலை."

"அவ்வளவுதானா?"

"அதை அவரிடம் கேட்டுவிடாதே."

நான் அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் அவர் முன்னால் போகவில்லை. கட்டில் விளிம்பில், அவர் பக்கத்தில், தோளோடு தோள் பட உட்கார்ந்தேன். இருவரும் சுவரைப் பார்த்தோம். அவர் தோளால் என்னை மெல்ல அழுத்தினார், நான் நகரவில்லை. கீழிருந்து கரண்டியை அவர் கையில் வைத்தேன். சாப்பிட்டார்.

"பஸ்ஸில இருக்கிற மாதிரி இருந்து குடுக்கவேணுமோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம் அம்மா. முன்னுக்கு மட்டும் வராதேங்கோ."

தாதிகளும் பக்கவாட்டில் வந்தார்கள். அவர் எழுந்தார், கதவுவரை நடந்தார். சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் வீட்டு நோயாளி கை ஓங்கினால், அந்தக் கை முன்பு என்ன வேலை செய்தது என்று கேட்டுப் பாருங்கள்.

குழப்பம் முழுதாகத் தெளியவில்லை. பின்னேரங்களில் நாங்கள் கூடத்தில் சேர்ந்து நடக்கிறோம். முன்பெல்லாம் யாரிடமும் நேரே போய் நிற்பவள் நான். இப்போது என் தோள்தான் முதலில் போகிறது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்பார். முதல் நாட்களில் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் கேட்பது அந்த நேரத்தை அல்ல, ஆட்டம் முடிய இருக்கும் நேரத்தை.

"கொஞ்சம் இருக்கிறது, ரோன்."

"அப்படியானால் இடத்தை விட்டு நகராதே," என்று தோளால் ஒரு இடி இடிப்பார்.

நான் நகர்வதில்லை.