பாயை விட்டு எழாத ஆறு பிள்ளைகள்

முத்துலட்சுமி அக்கா நேற்று இறந்துவிட்டார்.

பசுமலையில் எங்கள் ஆறு பேரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட க்ரெச் அக்கா. அவரை அந்தக் கோலத்தில் முதலில் பார்த்தது நான்தான்.

என் மகள் யாழினியை ஒன்றரை வயதில் அங்கே விட்டேன். இப்போது நாலு வயது. முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது அவள் இல்லை, நான்.

"நீ நின்னாத்தான் அவ அழுவா. மொதல்ல வேலைக்குக் கெளம்பு தாயி" என்று விரட்டிவிட்டார். நான் ஜவுளிக்கடையில் பில்லிங். ஒன்பதரைக்குள் மெஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் லீவு போட்டுவிடுவார்கள்.

போன வருடம் க்ரெச்சுக்கு வந்த மானியம் நின்றது. கூட இருந்த ஆயாவை அனுப்ப வேண்டிய நிலை.

"ஆளுக்குக் கொஞ்சம் கூடக் குடுத்தா அவளை வச்சுக்கலாம்த்தா. நான் ஒத்தை ஆளு, எனக்கு ஒண்ணுன்னா பிள்ளைகள யாரு பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

எல்லாரும் தரையைப் பார்த்தோம். அப்புறம் நான்தான் பெரிய இவளாட்டம் வாயைத் திறந்தேன்... "அதெல்லாம் நீங்க ஒருத்தரே சமாளிச்சிருவீங்கக்கா."

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு யாழினியைக் கூப்பிடப் போனேன். பிள்ளைகள் போடும் கூச்சல் தெருமுனைக்கே கேட்கும். நேற்று கேட்கவில்லை.

உள்ளே ஆறு பேரும் வரிசையாகப் பாயில் படுத்திருந்தார்கள். எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. பாயெல்லாம் ஈரம். ஒன்றுகூட அழவில்லை. நடுவில் அக்கா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

யாழினி வாயில் விரலை வைத்தாள். "உஷ்ஷ்... பெரியம்மா தூங்குறாங்க. கை தட்டுனாத்தான் எந்திரிக்கணும்."

தினமும் நாலு மணிக்கு அக்கா கை தட்டித்தான் எழுப்புவாராம். அதுவரை யாரும் பாயை விட்டு இறங்கக் கூடாது. மூன்று மணிவாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அக்காவைத் தொட்டேன்... சில்லென்று இருந்தது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'ஐயோ, நாளைக்கு யாழினியை எங்கே விடுவேன்?' சத்தியமாக அதுதான். மன்னிச்சிருங்கக்கா.

என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினேன். ஆறு பேரும் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, ஒன்றாக அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று காலை அவர் வீட்டில் ஆறு அம்மாக்களும் பிள்ளையும் கையுமாக நின்றோம். அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். "எழவு வீட்டுக்குப் பச்சப்பிள்ளைகளத் தூக்கிட்டு வரலாமா? யாருகிட்டயாச்சும் விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

எல்லாரும் அக்காவைத்தான் பார்த்தோம்.

நிம்மதியாப் போங்கக்கா... இன்னைக்கு ஒரு நாளைக்கு லீவு சொல்லியிருக்கோம். பிள்ளைகள நாங்களே பாத்துக்கிறோம்.