குங்குமப் பொட்டோடு பார்சிப்பனி போன செக்கோஸ்லோவாகியப் பதக்கம்

போன அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பார்சிப்பனிக்கு ஒரு பதக்கக் கண்காட்சி பார்க்கப் போனோம். போக நாற்பது மைல், வர நாற்பது மைல். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், லைசென்ஸ் வாங்கி இரண்டே மாதமான மகள் (நான்தான்) 287 நெடுஞ்சாலையில் கார் ஓட்ட, பக்கத்து சீட்டில் அம்மாவாக உட்கார்ந்து பார்க்கவும். கைலாச யாத்திரை தோற்றுவிடும்.

எனக்கும் பதக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததெல்லாம் இல்லை. நான் ஓடுவது மாட்டிக்கொள்ளும்போது மட்டும்தான். ஒரு ஃப்ளீ மார்க்கெட்டில் ஐந்து டாலருக்கு ஒரு பல்கேரியப் பதக்கம் கிடைத்தது. என் தோழி திவ்யாவின் சட்டையில் குத்தி, 'கேன்டீன் வரிசையில் குறுக்கே புகுந்த வீரத்துக்காக' என்று ஸ்கூலில் விழா எடுக்கத்தான் வாங்கினேன். விழா அமோகமாக நடந்தது. திவ்யா மூன்று நாள் பேசவில்லை. ஆனால் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்தில் கடுகளவு ஒரு முத்திரை இருந்தது. அதைச் செய்த பட்டறையின் அடையாளமாம். அன்றைக்கு விழுந்த நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த காலத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எதற்கெடுத்தாலும் பதக்கம் கொடுத்திருக்கின்றன. பால் கறந்தால் பதக்கம், நிலக்கரி வெட்டினால் பதக்கம், நிறையப் பிள்ளை பெற்றால் பதக்கம். (எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக டிஷ்வாஷரை நான்தான் காலி செய்கிறேன். ஒரு ரிப்பன்கூட வரவில்லை.) ஒரே பதக்கத்தை இரண்டு மூன்று ஊர்களில் செய்திருப்பார்கள். முன்பக்கம் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், பின்பக்க முத்திரைதான் ஊரைக் காட்டிக்கொடுக்கும். பதக்கம் சேர்ப்பவர்கள் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, "இது யார் அடிச்சது?" தம்பி அழுகிற சத்தம் கேட்டதும் அம்மா என்னிடம் கேட்பதும் அதுவேதான். அதனால் எனக்கு இந்தத் துறை புதிதாகத் தெரியவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டு மார்த்தா ஆன்ட்டி. ஸ்லோவாகியாவிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் மடிப்பாக்கத்திலிருந்து ஒன்பது வயதில் இங்கே வந்து இறங்கியதும், பழக்க தோஷத்தில் ஆன்ட்டி என்று கூப்பிட்டுவிட்டேன். தனக்கு அப்படி ஒரு அண்ணன் மகள் கிடையாதே என்று இரண்டு நாள் குழம்பினார். அப்புறம் பிடித்துப்போய்விட்டது. இப்போது மார்த்தா என்று மட்டும் கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

அவருடைய அப்பா ரயில் ஓட்டியவர். சிறந்த உழைப்புக்காக அரசாங்கம் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. வெண்கல நிறம், நடுவில் சிவப்பு எனாமலில் நட்சத்திரம். அம்மா அவர்களுடைய மலை ஊரிலேயே, பதக்கங்களுக்கு எனாமல் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடிப் பொடியைக் குழைத்து, பள்ளத்தில் நிரப்பி, உலையில் வைத்து எடுக்கிற வேலை. அதே பதக்கத்தைத் தலைநகரிலும் ஒரு பட்டறை செய்தது. வந்தது சண்டை.

"இது தலைநகரத்துப் பதக்கம். மந்திரி கையால கொடுத்தார்" என்பாராம் அப்பா.

"மந்திரி பதக்கம் கொடுத்தார். சிவப்பு நான் கொடுத்தேன்" என்பாராம் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சூப் சாப்பிடும்போதெல்லாம் இதே கச்சேரி. யார் சொன்னது நிஜமென்று தெரிகிறதோ அவருக்குத்தான் ரொட்டியின் மொறுமொறு முனை என்று பந்தயம். தீர்ப்பு வராமலே இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஊரில் வீடும் போய்விட்டது. அம்மா கைபட்ட பொருள் என்று ஆன்ட்டியிடம் எதுவுமே இல்லை, ஒருவேளை இந்தப் பதக்கத்தைத் தவிர. அந்த 'ஒருவேளை'யை எடுத்துவிட முடியுமா என்றுதான் செப்டம்பரில் பதக்கத்தை என்னிடம் கொடுத்தார்.

என்னால் முடியவில்லை. ஊசிக்குக் கீழே முத்திரை இருந்தது. ஆனால் அப்பாவின் கோட்டில் உரசி உரசி அநேகமாக வழவழவென்று ஆகியிருந்தது. வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருந்தால் தலைநகரம், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் இருந்தால் மலை ஊர். என் லென்ஸில் அது சுத்தியல் மாதிரியும் இருந்தது, எழுத்து மாதிரியும் இருந்தது, நேற்று சாப்பிட்ட முறுக்கு மாதிரியும் இருந்தது. பார்சிப்பனியில் கண்காட்சி வருகிறது, அங்கே முத்திரை பார்த்துச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள் என்று தெரிந்ததும் ஆன்ட்டியிடம் தேதியைச் சொல்லிவிட்டு, பதக்கத்தை மேஜை விளக்கின் கீழ் குப்புறப் போட்டு வைத்திருந்தேன்.

குப்புற என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் அப்பா ஆயுத பூஜையில் பாரபட்சம் பார்க்கமாட்டார். கார், லேப்டாப், ஏர் ஃப்ரையர், வைஃபை ரவுட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். நான் தமிழ்ப் பள்ளியிலிருந்து திரும்பி வருவதற்குள் என் மேஜையும் மங்களகரமாகியிருந்தது. கால்குலேட்டருக்குப் பொட்டு. ஸ்டேப்ளருக்குப் பொட்டு. பதக்கத்தின் முதுகில், சரியாக முத்திரை மேலேயே, கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனக் குழைவு, அதன்மேல் தாராளமாகக் குங்குமம்.

"அப்பா! இது என்ன தெரியுமா?"

"ரோபாட்டிக்ஸ் பார்ட் இல்ல?"

"மார்த்தா ஆன்ட்டி அப்பாவோட பதக்கம்!"

அப்பா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தக் கூச்சல்? கொண்டா, புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடும்" என்றார். நான் பதக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பழைய பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அழுக்கோடு மிச்சம் இருக்கிற முத்திரையும் போய்விடும். டப்பாவில் வைத்து மூடினேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஆன்ட்டி காரில் ஏறியதும் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, அப்பா பூஜை பண்றப்போ உங்க பதக்கத்துல சிவப்புப் பொடி வெச்சுட்டார். நிஜமா ஸாரி." (அவரோடு பேசுவது இங்கிலீஷில்தான். உங்களுக்காகத் தமிழில்.)

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். "இது நல்லா இருக்கு. போன தடவையைவிட நல்லா இருக்கு."

போன தடவை என்பது ஏப்ரல் ஒன்று. பிறந்தநாள் பரிசு என்று நான் நீட்டிய டப்பாவிலிருந்து ரப்பர் பல்லி குதித்தது. டப்பாவை இப்போதும் நீட்டினேன். "திறந்து பாருங்க."

"நீ கொடுக்கிற டப்பாவை என் ஆயுசுல திறக்கமாட்டேன்."

அம்மா சாட்சி சொன்னார். "நெஜம்தான் மார்த்தா. என் ஹஸ்பெண்ட் தெரியாம பண்ணிட்டார்."

"அம்மாவும் கூட்டா? அருமை!" ஆன்ட்டி கைதட்டினார்.

ரூட் 18-லிருந்து டர்ன்பைக் சுங்கச்சாலையில் ஏறி, அடுத்த எக்ஸிட்டிலேயே இறங்கி, 287 வடக்கு. டோல் இரண்டு டாலருக்குள்தான். நியூ ஜெர்சியில் புது ஓட்டுநர்களின் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும், எனவே காரும் கம்யூனிஸ்ட். சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பற்றி எரிந்தன என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது முன்னால் போன டிரக்கின் பின்புறம் மட்டும்தான். அம்மா இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"லேன் மாத்தாதேடி."

"மாத்தலம்மா."

"அப்போ ஏன் மாத்தற மாதிரியே மூஞ்சிய வெச்சிருக்கே?"

பின் சீட்டில் ஆன்ட்டி நிம்மதியாக ரொட்டிக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் பொய்யைச் சொல்லி நம்பவைத்தவள், ஒரே ஓர் உண்மையை நம்பவைக்க முடியாமல் ஐம்பத்தைந்து நிமிஷம் கார் ஓட்டினேன்.

கண்காட்சி ஒரு ஹோட்டல் ஹாலில். நுழைவு எட்டு டாலர், பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். நாற்பது மேஜை இருக்கும். பாதி அமெரிக்க ராணுவச் சாமான், மீதி உலகம். கிழக்கு ஐரோப்பா கடைசி வரிசையில், காபி மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே ஜோன் என்று ஒரு வியாபாரி, தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியோடு, பேகல் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முத்திரை பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை என்று மேஜையில் எழுதி வைத்திருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். அவர் திறந்தார்.

காய்ந்த சந்தனம் வெடித்து ஓடு ஓடாக நின்றது. மேலே ரத்தச் சிவப்பு.

"இது என்ன, மசாலாவா?" என்றார் ஜோன்.

"மசாலா இல்ல. குங்குமம்" என்றார் அம்மா. அவருக்கு அந்த இடத்திலும் அது முக்கியம்.

மார்த்தா ஆன்ட்டி பதக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "விளையாட்டு இல்லையா?"

"இல்ல ஆன்ட்டி."

அவர் கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கழுவினீங்களா?" ஜோன் கேட்டார்.

"தொடவே இல்ல."

"நல்ல வேலை செஞ்சே." மிருதுவான ஒரு பிரஷ்ஷை எடுத்து, தண்ணீர் இல்லாமல், தட்டித் தட்டி உதிர்த்தார். சந்தனம் செதில் செதிலாக விழுந்தது. மேலே இருந்த குங்குமமும் பறந்தது. அப்புறம் பிரஷ் நின்றுவிட்டது. விளக்கைச் சாய்த்தார். பேகலைத் தள்ளி வைத்தார். "தேஞ்ச முத்திரைக்கு நாங்க இப்படித்தான் சாக் பொடி போடுவோம்" என்றார் மெதுவாக. "ஆனா இவ்வளவு நல்ல சிவப்பு எங்ககிட்ட இல்ல."

பூதக்கண்ணாடியைக் கழற்றி முதலில் ஆன்ட்டியிடம்தான் கொடுத்தார். அப்புறம் எனக்கு. வழவழப்பான இடம் சுத்தமாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத பள்ளத்தில் மட்டும் குங்குமம் தங்கியிருந்தது. மெல்லிய சிவப்புக் கோட்டில், குறுக்காக, இரண்டு சுத்தியல்.

"மலை ஊர்ப் பட்டறை. சந்தேகமே இல்ல" என்றார் ஜோன். "ஆனா ஒண்ணு. முத்திரை பட்டறையைத்தான் சொல்லும். கையைச் சொல்லாது. அந்த மேஜையில எத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தாங்களோ."

"எத்தனை பேர் வேணும்னா இருக்கட்டும்" என்றார் ஆன்ட்டி. "தலைநகரம் இல்ல. அது போதும்." பிறகு பதக்கத்தைப் பார்த்து ஸ்லோவாக் மொழியில் ஏதோ சொன்னார். அம்மா அர்த்தம் கேட்டார்.

"அப்பாகிட்ட சொன்னேன். தோத்துட்டீங்க, ரொட்டியை அம்மா பக்கம் தள்ளுங்கன்னு."

மீதிப் பொடியையும் எடுத்துவிடவா என்று ஜோன் கேட்டார். ஆன்ட்டி டப்பாவைப் பட்டென்று மூடிவிட்டார்.

மதியம் அங்கேயே பக்கத்தில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். பதினான்கு டாலர், சாம்பார் இரண்டாவது தடவை இலவசம். ரோஸ்ட்டின் மொறுமொறு முனையை ஆன்ட்டி ஒடித்து, சாப்பிடாமல் தட்டின் ஓரமாக வைத்தார். காபி வந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உன் அப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாதே?" என்றார்.

"தெரியாது. காலையிலேர்ந்து பதினோரு மெசேஜ்."

"பதில் போடாதே."

மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக் கதவை மார்த்தா ஆன்ட்டியே தட்டினார். முகத்தில் இழவு வீட்டுக் களை. அப்பா கதவைத் திறந்ததும் டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்களாலதான்" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு இங்கிலீஷும் போய், தமிழும் போய், வெறும் கை மட்டும் கும்பிட்டது. ஆன்ட்டியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "உங்களாலதான் தெரிஞ்சுது" என்று முடித்துவிட்டு, வாசலிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே அப்பா என்னைத்தான் முறைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நிரபராதி. யாரும் நம்பவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். பத்து மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வியாபாரிகள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், பதில் அவசரமாக வரும். பார்க்கிங் இலவசம். நிறைய மேஜைகளில் ரொக்கம்தான். காட்ட விரும்பும் பதக்கத்தின் பின்பக்கத்தை, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, முன்னதாகவே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பவுடர், அம்மா, இந்த நான்கையும் பதக்கத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். குங்குமத்தையும் நான் சிபாரிசு செய்யவில்லை, எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. (யார் அடித்தது என்று கேட்டால், அப்பா.)

என் டப்பாவில் இன்னும் ஏழு பதக்கம் இருக்கிறது, முத்திரை புரியாதவை. முன்பெல்லாம் அவை எனக்குப் புதிர். இப்போது ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ இரண்டு பேர் சூப் ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் சண்டை போடுகிற சத்தம் கேட்கிறது. தீர்த்துவைக்கலாம், நேரம் இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜைக்கு மார்த்தா ஆன்ட்டி இப்போதே இடம் சொல்லி வைத்துவிட்டார். அவர் பதக்கம் முன்வரிசையில், லேப்டாப்புக்கும் ஏர் ஃப்ரையருக்கும் நடுவில். முன்பக்கம் தெரியும்படி வைக்கட்டுமா என்று அப்பா கேட்டாராம்.

"வேண்டாம். குப்புறவே இருக்கட்டும்."